புருவம் பார்த்துக் கேட்ட இங்கிலீஷ்

“…அதான் செல்லுறன் சேர், இந்தப் பொம்புளைக்கு இங்கிலீஷ் வராது. நீங்களே வாசிங்க.”

கைபேசியில் ஒலித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரியைத்தான் அப்படிச் சொன்னாள், முன்வரிசையில் இருந்த உயர்தர வகுப்பு மாணவி. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் எத்தனை மணிக்குப் புறப்படும் என்ற ஒரே கேள்விக்கு அந்த ஒலிப்பதிவை மூன்று தடவை போட்டுவிட்டேன்.

உள்நாட்டுச் சண்டை முடிந்து, கற்பிட்டிக் கடற்கரைப் பக்கம் ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். வரவேற்பு மேசை வேலைக்கான பயிற்சியில் சேர இவளுக்கு ஆசை. உள்ளே எடுக்க இங்கிலீஷ் கேட்டல் சோதனை வைப்பார்கள். போன முறை அதில்தான் கோட்டைவிட்டாள். அடுத்த கிழமை மறுபடியும் போகிறாள். மூன்றாம் தரம் விடமாட்டார்கள்.

“சரி, கேளுங்க,” என்று தாளிலிருந்த உரையாடலையும், கீழே கொடுத்திருந்த மூன்று விடைகளையும் நானே வாசித்தேன். எனக்கு யாரும் இங்கிலீஷ் படிப்பித்ததில்லை. பாண் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டு முதல் பழைய அகராதி வரை, கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்து நானாகப் பிடித்துக்கொண்டது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் முள்ளெடுத்த மீன்போலத் தனித்தனியாகத்தான் ஊட்டுவேன். எல்லாருடைய விடையும் சரி. அவளுடையதும்.

மனம் குளிர்ந்துபோய், “எப்படிப் புள்ள கண்டுபுடிச்ச?” என்று கேட்டேன்.

“உரையாடல்ல ஒரு சொல்லும் வெளங்கல்ல சேர். விடைகள வாசிக்கக்கொள்ள, ரெண்டாவதுக்கு உங்கட புருவம் ஏறிச்சு.”

“அடியே, அத ஏன்டி செல்லுறாய்?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள். அப்போதுதான் தெரிந்தது: ஒரு வருடமாக வகுப்பு முழுவதும் என் புருவத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஊரார் வாயில் வரும் நல்ல பேச்சைக் கொப்பியில் குறித்துவைப்பவன் நான். அன்றைக்குப் பேனையைத் தொடக்கூடப் பிடிக்கவில்லை. இவளோடு கோபிப்பதா, என்னோடு கோபிப்பதா? உள்ளதைச் சொன்னால், அந்த வெள்ளைக்காரி பேசியதில் பாதி எனக்கும் பிடிபடவில்லை. விடைத்தாளைப் பார்த்துத்தான் மணி எத்தனை என்று அறிந்திருந்தேன்.

“சோதனைக்கு என்ட புருவம் வராது மகள்,” என்றேன். குரல் கொஞ்சம் சூடாகவே வந்துவிட்டது.

அவள் எழுந்து, கதிரையைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “இப்ப வாசிங்க சேர்.”