பின்னால் அறுபது அடி

முதல் சுற்று வலப்பக்கமாக. முன்சக்கரத்தின் அருகே குனிந்து பார்ப்பார். பின்சக்கரங்களுக்கு இடையே தலையை நீட்டிப் பார்ப்பார். பின்புறம் போய் முழங்காலில் உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்ப்பார். இரண்டாவது சுற்று இடப்பக்கமாக. முதல் சுற்று முடிவதற்குள் ஒரு பூனை உள்ளே புகுந்திருக்கலாம் அல்லவா, அதற்காக. அதன் பிறகுதான் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகுவார். மழை பெய்தாலும் இதில் மாற்றமில்லை, குடையோடு சுற்றுவார்.

பள்ளிக்கூடப் பேருந்து அது. முப்பத்தொரு பிள்ளைகள், துணைக்கு ஓர் ஆயா. ஓட்டுகிறவருக்கு நாற்பத்தெட்டு வயது. உயரம் போதாததால் ஒரு தலையணை போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறார். பதினாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனாலும் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வட்டம் ஆன்ட்டி'. நேராகப் போய்த் திரும்பி வரவேண்டிய இடத்துக்கெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போனவர் அவர். ஏழு மாத காலம் அவர் ரிவர்ஸ் கியரைத் தொடவே இல்லை.

தொடாமல் பேருந்து ஓட்ட முடியுமா என்று கேட்கலாம். முடியும்; அதற்குத் தனி மூளை வேண்டும். சாயங்காலம் மற்ற எட்டு வண்டிகளும் கொட்டகைக்குள் பின்பக்கமாகப் போய் நின்ற பிறகு, கடைசியாக வந்து வழியை அடைத்துக் குறுக்கே நிறுத்துவார். காலையில் இவர் எடுத்தால்தான் மற்றவர்கள் எடுக்க முடியும் என்பதால் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பார். அவருக்கு என்னவொரு கடமை உணர்ச்சி என்று பள்ளி வண்டிகளின் பொறுப்பாளர் மற்ற ஓட்டுநர்களிடம் மெச்சிக்கொண்டார்.

கடைசி நிறுத்தம் ஒரு சந்து. பெரிய சாலையிலிருந்து உள்ளே நுழைந்து, நாலு வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அறுபது அடி பின்னால் எடுத்துச் சாலைக்கு வரவேண்டும். இவரோ சந்தையைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, சந்தின் மறுமுனை வழியாக நுழைந்து இந்த முனையில் வெளியே வந்தார். பன்னிரண்டு நிமிடம் கூடுதல். ஏன் என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கம் நாய்த் தொல்லை சார்" என்று ஒரு காரணம் சொல்லியிருந்தார். அந்தச் சந்தில் இருந்த ஒரே நாய்க்குப் பாதிப் பல் கிடையாது.

எல்லாம் அந்தச் சந்தில் ஆரம்பித்ததுதான். ஒரு நாள் காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்சக்கரத்தில் ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. கூடவே ஆயாவின் அலறல். இறங்கி ஓடிப் பார்த்தால், சக்கரத்தின் கீழே ஒரு மஞ்சள் பை, அதற்குள் சாப்பாட்டு டப்பா தகடாகக் கிடந்தது. பைக்குச் சொந்தக்காரியான ஐந்து வயதுப் பெண் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "என் பை" என்றாள். கீழே விழுந்த பையை எடுக்கக் குனிந்திருக்கிறாள், வண்டி நகர்ந்ததும் விலகியிருக்கிறாள். அவ்வளவுதான். பிள்ளையின் அம்மாகூடக் கோபப்படவில்லை. "ஒண்ணும் ஆகலையே, விடுங்க" என்றார்கள் எல்லாரும். ஆகியிருந்தால் அது நடந்து முடிந்துபோன விஷயம். ஆகாமல் போனதோ, அவர் கியரில் கை வைக்கும்போதெல்லாம் இதோ ஆகப்போகிறது என்று வந்து நின்றது.

இயல்பிலேயே கவலைப்படப் பிறந்தவர் அவர். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா, சின்ன மகளின் இருமல் வெறும் இருமல்தானா. இத்தனையையும் ஜெபத்தில் கொண்டுபோய் வைப்பார். வண்டி ஓட்டும்போதும் கண்ணைத் திறந்தபடி, வாய்க்குள் முணுமுணுத்தபடி ஜெபிப்பார். முன்னால் போகும் வண்டிக்காரர்களைத் திட்டுகிறார் என்றுதான் ஆயா ரொம்ப நாள் நினைத்திருந்தார். அவருடைய ஜெபத்தில் விவரம் அதிகம்: இருமல் சின்னவளுக்கு, பெரியவளுக்கு இல்லை, வலி நெஞ்சின் வலப்பக்கம். ஆண்டவருக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாது என்ற அக்கறை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் கணவர், "அவர் ஒரு நோட்டுப் போட்டுத்தான் எழுதிக்கணும்" என்று கேலி செய்வார்.

ரிவர்ஸ் பயத்தையும் அப்படித்தான் வைத்தார். சபையில் பெண்கள் கூடி அவருக்காக மூன்று புதன்கிழமை ஜெபித்தார்கள். நாலாவது ஞாயிறு, ஆராதனையில் ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில், பெண்கள் ஜெபக்குழுவை நடத்தும் பெரிய சிஸ்டர் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மைக் முன்னால் நிறுத்திவிட்டார். இருநூறு முகங்கள் ஆவலோடு பார்க்கின்றன. மூன்று வாரம் முழங்காலில் நின்ற பெண்கள் முதல் வரிசையில் இருக்கிறார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? "பயம் போயிடுச்சு. ஆண்டவர் எடுத்துப் போட்டுட்டார்" என்றார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. மறுநாள் காலையில் வழக்கம்போலச் சந்தையைச் சுற்றிக்கொண்டு போனார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பயந்தவர்களை எல்லாம் பெரிய சிஸ்டர் இவரிடம் அனுப்ப ஆரம்பித்தார். பரீட்சைக்குப் பயந்த ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். பல் டாக்டருக்குப் பயந்த ஒருவர் வந்தார். கடைசியாகக் கண்டக்டர் அண்ணன் வந்தார். முப்பது வருடம் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், கூட்டத்தை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளிய குரல். அவருக்கு ஹெர்னியா. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியும் இரண்டு வருடமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். "மயக்க மருந்து குடுத்தா எழுந்திருக்க மாட்டேன்னு தோணுது சிஸ்டர். உங்களுக்குப் போன மாதிரி எனக்கும் போகணும்" என்றார். வட்டம் ஆன்ட்டி கிளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "விசுவாசம் இருந்தா பயம் இருக்காதுண்ணே." அண்ணன் நம்பிப் போய் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டார்.

சாட்சி சொன்ன நாள் முதல் அவர் ஜெபத்தில் ஒரு கோளாறு வந்திருந்தது. இருமல், குழாய், அடுப்பு எல்லாவற்றையும் சொல்வார். ரிவர்ஸ் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். போய்விட்டது என்று ஊரறியச் சொன்ன பயத்தை எந்த முகத்தோடு மறுபடி கொண்டுபோய் வைப்பது? ஜெபத்திலும் அந்த அறுபது அடியைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுப்பாளர் கூப்பிட்டார். தண்ணீர்க் குழாய் பதிக்கிறார்களாம். சந்தின் மறுமுனையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகும். திங்கட்கிழமையிலிருந்து பழையபடி சாலைப் பக்கமாக நுழைந்து ரிவர்ஸில் வெளியே வரவேண்டும். பிள்ளைகளைச் சாலைக்கு வரச் சொல்லலாமே என்று ஆன்ட்டி சொல்லிப் பார்த்தார். லாரிகள் பறக்கிற சாலையில் ஐந்து வயதுப் பிள்ளைகளை நிற்க வைப்பதா என்று பொறுப்பாளர் கேட்டார். கேள்வி நியாயமானது. முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள், வண்டியை வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை முழுக்க அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கணவர் கேலி செய்யவில்லை. வேலையை விடுவதென்றால் விடு, உன் இஷ்டம் என்றார். "வேலை கிடக்குதுங்க. அந்த அண்ணன் செவ்வாக்கிழமை ஆபரேஷனுக்குப் போறார், நான் சொன்னதை நம்பி" என்றார் இவர்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. யாரும் கூப்பிடாமல் தானே எழுந்து போய் மைக்கைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன தடவை இங்க நின்னு நான் சொன்னது பொய். பயம் போகல. அன்னையிலிருந்து ஆறு மாசமா சுத்திப் போய் ஏமாத்திட்டிருக்கேன். நாளைக்கு ரிவர்ஸ் எடுத்தாகணும். எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க."

ஸ்தோத்திரம் வரவில்லை. யாரோ இருமினார்கள். பெரிய சிஸ்டர் குனிந்து மடியில் இருந்த பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார், தப்பான எண். பாதிப் பேர் ஒரு பாட்டும் பாதிப் பேர் இன்னொன்றும் பாடினார்கள். ஆன்ட்டி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடியதும் முதல் வார்த்தையே ரிவர்ஸ் பற்றி வந்தது. தடையில்லாமல் வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கண்டக்டர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாலு கேள்வி கேட்டுத் திட்டப்போகிறார் என்று இவர் காத்திருந்தார்.

"அப்ப உங்களுக்கும் போகலையா?"

"போகலண்ணே. உங்ககிட்ட பெரிசா பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

"நானும் ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன். போகல. சரி, நமக்கு விசுவாசம் பத்தல, ஆபரேஷனுக்குப் போனா செத்துடுவோம்னு முடிவே பண்ணிட்டேன். வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பொய் ஆறடி மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"பயத்தோட போனா தப்பில்லையா?" என்று கேட்டார் அண்ணன்.

"எனக்குத் தெரியலண்ணே. நாளைக்கு நான் பயத்தோடதான் போறேன். பயத்தை எடுங்கன்னு கேக்கறதை விட்டுட்டேன். கூட வாங்கன்னு மட்டும் கேட்டிருக்கேன்."

அண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டே, அந்தச் சந்துக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். நாலு பிள்ளைகளும் ஏறினார்கள். ஆயா கதவை அடைத்தார். ஆன்ட்டி இறங்கிப்போய் இரண்டு சுற்றும் சுற்றிவிட்டு ஏறினார். விவரமான ஜெபத்துக்கெல்லாம் நேரமில்லை. "ஆண்டவரே, பின்னாடி பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஏழு மாதம் தொடாத கியரைப் போட்டார். பின்னாலிருந்து குரல் வந்தது: "வரலாம்... வரலாம்... லேசா ஒடிங்க... வரலாம்." பாதி தூரத்தில் அண்ணன் கண்ணாடியிலிருந்து மறைந்துபோனார். குரலும் நின்றது. ஆன்ட்டி பிரேக்கை அழுத்தினார். இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்ததாக அவரே சொல்கிறார். "கல்லு ஒண்ணு கிடந்தது, எடுத்துப் போட்டேன். வரலாம்" என்று குரல் மறுபடி வந்தது. இவருக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாமலேயே காலை பிரேக்கிலிருந்து எடுத்தார். வண்டி அறுபது அடியும் பின்னால் போய்ச் சாலையில் ஏறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆன்ட்டிக்குக் கைதட்டல் காதில் விழவில்லை. சாலையில் வரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு முதல் கியரைப் போட்டார்.

இன்றைக்கும் பயம் போகவில்லை. இதை யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்கிறார். "இருக்குது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் என் வண்டியை எடுக்கணும்ல" என்பார். இப்போது ஆயா பின்னால் நின்று குரல் கொடுக்கிறார். அண்ணன் அளவுக்குக் குரல் இல்லை, ஆனால் அக்கறை உண்டு. சந்தைப் பக்கம் போகாததால் கிடைத்த பன்னிரண்டு நிமிடத்தில் பிள்ளைகள் அதிகம் தூங்குகிறார்கள். பட்டப்பெயரை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார்கள்.

அந்தத் திங்களுக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஆன்ட்டி ஆயாவின் குரலை நம்பி முதல்முறையாக ரிவர்ஸ் எடுத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஓட்டுநர் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அண்ணனை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தாழ்வாரத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைத் துணியால் கழுத்துவரை மூடியிருந்தது. கூட்டத்தை அதட்டிய அந்தக் குரல் காற்றாக வந்தது: "பயமா இருக்கு சிஸ்டர்."

"எனக்கும்தாண்ணே" என்றார் இவர்.

ஜெபிக்கலாம் என்றால் தள்ளுகிறவர்கள் நிற்பதாக இல்லை. கையைப் பிடிக்கலாம் என்றால் இரண்டு கைகளும் துணிக்குள் இருந்தன. ஆறடி மனிதருக்குத் துணி போதாமல் பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆன்ட்டி அந்தச் சில்லிட்ட வலதுகால் பெருவிரலை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் அறையின் வாசல்வரை கூடவே ஓட்டமும் நடையுமாகப் போனார்.