சிலுவை இல்லாத கோயில்

என் கல்யாணத்துக்கு அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாங்கள் கைப்பிடிக்கப் போகிற துபாய்க் கோயிலை அவர் படத்திலாவது பார்க்க வேண்டும். திருப்தியானால்தான் ஊர்க் கோயிலில் எங்களுக்கு ஓலை வாசிக்கச் சம்மதிப்பார். மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களை வாசித்து, யாரும் ஆட்சேபம் சொல்லாமல் இருந்தால்தான் எங்கள் பக்கம் கல்யாணம். ஓலை இல்லையென்றால் துபாய்ச் சாமியாரும் கையை விரித்துவிடுவார்.

துபாயின் தேரா பகுதியில் ஒரு டிரேடிங் ஆபீசில் அப்போது நான் கிளார்க். ஒரு வெள்ளிக்கிழமை இரவல் காமிராவோடு கிளம்பினேன். மணிக்கூண்டு, மீன் ரவுண்டானா, க்ரீக் என்கிற கடல்கழியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த அப்ராப் படகுகள் எல்லாவற்றையும் எடுத்தேன். மகள் மணல்காட்டில் கிடக்கவில்லை என்று அப்பாவுக்குத் தெரியட்டுமே! பிறகு அக்கரை போய்க் கோயிலை எடுத்தேன். வாட்ச்மேன் ஓடிவந்து, "போட்டோ மாஃபி!" என்று, படம் எடுக்கக் கூடாதென விரட்டினார்.

"என் கல்யாணம் நின்னு போச்சுன்னா நீரா மாப்பிள்ளை பாப்பீரு?" என்று தமிழிலேயே கத்தினேன். அந்த மனுஷனுக்கு என்ன புரிந்ததோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லீவில் போன ஒருவர் கையில் படங்களைக் கொடுத்து அனுப்பினேன். அப்பா போனில் எரிந்து விழுந்தார்.

"ஏட்டி, இது பள்ளிவாசல்லா? மதம் மாறிட்டியா? வெள்ளிக்கிழமை பூசைக்குப் போறேன்னு நீ சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான்."

அங்கே வார லீவு வெள்ளிக்கிழமை. அதனால் ஞாயிறு பூசை அன்றைக்கே நடக்கும். கோயிலுக்கு வெளியே சிலுவை வைப்பதில்லை, உள்ளேதான். படத்தின் ஓரத்தில் தெரிந்த மினார் பக்கத்துப் பள்ளிவாசலுடையது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். எங்கள் ஊர்க் கோபுரத்துச் சிலுவையைப் பார்த்துத்தான் அப்பா இத்தனை வருஷம் கடலிலிருந்து கரை திரும்பியிருக்கிறார். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"வெள்ளையடிச்ச குடோனுக்குள்ள எம்பொண்ணுக்குக் கல்யாணமா? சிலுவை இல்லேன்னா ஓலையும் இல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

படம் கழுவித் தந்த தேரா ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். "இதுக்கா கண்ணக் கசக்குறே தங்கச்சி? கம்ப்யூட்டர்ல மினாரத் தூக்கிட்டு, கூரை மேல ஒரு சிலுவைய வச்சிடுறேன். யாருக்கும் தெரியாது" என்றார்.

கூட வந்திருந்த என் மாப்பிள்ளையும் மெதுவாக, "செய்யட்டுமே. நமக்குக் கல்யாணம்தானே முக்கியம்?" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மா செத்த சேதி வந்து, லீவு கிடைக்காமல், நான் விழுந்து அழுத இடம் அந்தக் கோயில். அதற்குப் பொய்ச் சிலுவை ஒட்டி அப்பாவிடம் நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வேண்டுமா? அதற்கு என்ன குறைச்சல்?

"இருக்கிறத எடுக்கவும் வேண்டாம், இல்லாதத வைக்கவும் வேண்டாம் பாய்" என்றேன். "நீங்களும் சும்மா இருங்க" என்று மாப்பிள்ளையையும் அடக்கினேன். ஓலை கிடைக்காமலே போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷம் துணிந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளி, தமிழ்ப் பூசைக்கு மறுபடி காமிராவோடு போனேன். தொழிலாளர் கேம்ப் பஸ்களில் வந்த கூட்டம் உள்ளே கொள்ளாமல் முற்றத்தில் நிறைந்திருந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது மணி அடித்தது. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் அத்தனை பேரும் முழங்காலிட்டார்கள். பின்னால் அதே மொட்டைக் கட்டடம், ஓரத்தில் அதே மினார். எதையும் வெட்டாமல் எடுத்து அனுப்பினேன்.

படம் கிடைத்ததும் அப்பா போன் செய்தார். வெகுநேரம் இருமிக்கொண்டே இருந்தார்.

"வெயில்லயா இப்படி முட்டங்கால் போட்டிருக்காவ?"

"வாராவாரம் அப்படித்தான்."

"சரிட்டி. ஊர்ல எவனாவது சிலுவை எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"எம்பொண்ணு கழுத்துல கெடக்குன்னு சொல்லுங்க."

அப்பா மறுபடி ஒரு தரம் இருமினார்.

"வார ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிக்கச் சொல்லுதேன்" என்றார் அப்பா.

நான் நன்றி சொல்லவில்லை. கோயிலைக் கோயில் என்று ஒத்துக்கொண்டதற்கு எதற்கு நன்றி?