கொட்டகைக் கோப்பை

முட்டுக்காட்டுப் பழம்பொருள் கடையில் நீலப்பூ போட்ட அந்த இங்கிலீஷ் பீங்கான் கோப்பை உடனே அடையாளம் தெரிந்தது.

அம்மா களையெடுக்கப் போன பண்ணைவீட்டில், மாட்டுக்கொட்டகைக்கு வெளியே இதே மாதிரி ஒன்று கவிழ்ந்திருக்கும். வீட்டுக்காரர்களுக்கு வெள்ளி டம்ளர். அம்மாவுக்கு மட்டும் பூக்கோப்பையில் காபி. எனக்குப் பெருமை தாங்காது.

“நமக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா பூப்போட்டது?”

“நம்ம மேல அவ்ளோ ஆசைடி,” என்பாள் அம்மா, குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தபடி.

அது தீட்டுக் கோப்பை என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது. அந்த ஆத்திரத்தில்தான் பழைய பூக்கோப்பைகளாக வாங்கி அலமாரியை நிரப்புகிறேன்.

இதையும் வாங்கிக்கொண்டு கேளம்பாக்கம் ஃபிளாட்டுக்கு வந்ததும் இதில் அம்மாவுக்குக் காபி கொடுத்தேன். சோபாவில் உட்கார்ந்து ரசித்துக் குடித்தாள். பிறகு கோப்பையைக் கழுவி, கதவைத் திறந்து, வெளியே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.