கேக்கின் மேல் பூவும் முகமும்

கேக்குக்கு நிறம் போடுகிறவர்களை எந்தக் கல்யாணப் பந்தியிலும் கண்டுபிடித்துவிடலாம். சோறு பிசையும் கையின் நகக்கண்ணில் முந்தின நாள் சிவப்பு ஒட்டியிருக்கும். பாறசாலைக்குப் பக்கம் கொல்லயிலில், வீட்டு அடுக்களையிலேயே பல வருஷமாக இந்த வேலை செய்கிறேன். என்னைப் போல கிரீம் பிழியும் பைப்பிங் பையோடு மல்லுக்கட்டும் சகோதரிகளே, வெயிலில் கிரீம் உருகுகிற துயரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்றதைச் சொல்கிறேன்.

சிவப்பு எழுத்து

திவ்யாவின் நிச்சயதார்த்த கேக்குக்காக ஒரு வாரம் உட்கார்ந்து சர்க்கரை ரோஜாக்கள் செய்தேன். ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து காட்டி, "இதே நெறம் வேணும் சேச்சி" என்று கேட்டவள் அவள். வெள்ளைக் கிரீமில் இரண்டு பேரின் பெயரையும் சிவப்பில் எழுதி முடித்துக் காத்திருந்தேன். அன்று காலை ஸ்கூட்டரில் தனியாக வந்தாள். மூன்று நாள் முன்பே மாப்பிள்ளை வீட்டார் கைவிரித்துவிட்டார்களாம். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவன் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னாள். சுரண்டினேன். சிவப்பு ஜெல் வெள்ளையில் இறங்கினால் போகாது, உங்களுக்குத் தெரியும். கறையின்மேல் ஒரு ரோஜாவை வைத்தேன், ஓரம் தெரிந்தது, இன்னொன்றை வைத்தேன். "இதெ எதுக்கு மோளே கொண்டு போறே?" என்று கேட்டேவிட்டேன். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"மூணு நாளாட்டு அப்பா ஒண்ணும் தின்னல்ல சேச்சி. நான் ஊட்டினா திம்பாரு."

சுகர்க்காரர்

திருப்புறத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். சர்க்கரை வியாதி. கேக் வாங்க மாட்டார். ஒரே ஒரு சர்க்கரைத் தாமரை வாங்கி, டிவி மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். போன மாதம் இன்னொரு தாமரை கேட்டு வந்து நின்றார்.

"எறும்பு தின்னுட்டு போச்சு. அதுக்கு உள்ள யோகம் எனக்கு இல்ல."

அலை

பூவார் பக்கத்துக் கடற்கரையில் ஒரு சிறுமிக்கு ஆதி குர்பானை, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் நாள். அவளுடைய மாமா துபாயிலிருந்து போன் செய்து கேக் சொன்னார். "கடல்ல போற வீடாக்கும்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, கேட்காமலே நான் என் கைவரிசையைக் காட்டினேன். நீலத்தில் மூன்று நிறம் கலந்து அலை, அதன்மேல் சர்க்கரையில் ஒரு சின்ன மீன்பிடி வள்ளம்.

வாங்க வந்தது சிறுமியும் அவள் அம்மாவும். மூடியைத் திறந்ததும் குழந்தை, "அம்மா, அப்பாக்க வள்ளம்!" என்றாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். போன மழைக்காலத்தில் வள்ளம் கரைக்கு வந்ததாம், அதில் போன அவள் புருஷன் வரவில்லையாம். எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்று கத்தியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வள்ளம் இருந்தோட்டு சேச்சி. தண்ணிய மட்டும் வழிச்சு எடுத்துருங்க."

மஞ்சள் முகம்

தின்னக்கூடிய மையில், சர்க்கரைத் தாளில் போட்டோ அச்சடிக்கிற மெஷின் ஒன்று வாங்கினேன். அதற்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. வெள்ளறடையில் ரப்பர் பால் வெட்டுகிற ராஜண்ணன், மகளின் பிறந்தநாளுக்கென்று அவள் போட்டோவைக் கொடுத்திருந்தார். பத்து வயசு இருக்கும். ரெட்டைச் சடை, கன்னம் நிறையச் சிரிப்பு. சிவப்பு மை அடைத்துக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. தாள் வெளியே வந்தபோது முகம் மஞ்சள் அரைத்துப் பூசினதுபோல இருந்தது.

அதற்குள் அவர் வாசலில் வந்து நின்றார். "அரைமணிக்கூறு இருங்கண்ணே, வேற அடிச்சுத் தாறேன்" என்று தாளை மறைத்தேன். காட்டச் சொன்னார். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். மகளுக்குக் கரள் நோய், கல்லீரல் வியாதி, வந்ததையும், திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அங்கிருந்து அவளை உயிரோடு கொண்டுவர முடியாததையும் அப்போதுதான் சொன்னார். வருஷாவருஷம் இந்த நாளில் கேக் வெட்டி, அவளோடு படித்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களாம். நான் மறுபடியும் தாளுக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"மாத்தாண்டாம் மோளே. கடைசி ரெண்டு மாசம் அவ இந்த நெறத்திலயாக்கும் இருந்தா. இதும் என் மவதானே."

என்னிடம் இருக்கிற அத்தனை நிறக் குப்பிகளிலும் தின்னலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள், விழுங்குவது லேசு என்று ஒன்றில்கூடப் போடவில்லை.