கால்மிதி ரம்பம் விற்ற கதை

பலகையில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைதான் அழகு என்று பிறரை நம்ப வைப்பது நான் பார்த்த உத்தியோகம். கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

மைசூர் சயாஜி ராவ் ரோட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கேரம் பலகைகளுக்கும் பாட்மின்டன் மட்டைகளுக்கும் நடுவே 'ஃப்ரெட்வொர்க்' என்று, பலகையில் பூவேலை அறுக்கும் சாமான்களுக்கு ஒரு மூலை. நூல் போன்ற பிளேடு பூட்டிய கை ரம்பங்கள், ஒட்டுப்பலகை, படம் வரைந்த தாள்கள், உப்புத்தாள். இவற்றுக்கெல்லாம் ராஜாவாகச் சீமையிலிருந்து வந்த கால்மிதி ரம்பம் ஒன்று. தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்தால் பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையைத் திருப்பத் திருப்பக் கொடியும் இலையும் மயிலும் வெளியே வரும். பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்களுக்கு அதை ஓட்டிக் காட்டுவது என் வேலை.

பி.ஏ. படித்தவளுக்கு இது ஒரு வேலையா என்று வீட்டில் கேட்டார்கள். குனிந்த தலை நிமிராமல் செய்யலாம், பேசவே வேண்டாம் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. அப்பாவோ கொள்ளேகாலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு உபாத்தியாயினி வேலை பேசி வைத்திருந்தார். வகுப்பு நிறையப் பெண்கள், அவர்கள் முன்னால் நான். நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில் முதலாளி ஒரு நாள் மெஷின் மேல் இருந்த தூசியை விரலால் வழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தசரா பொருட்காட்சி முடியறதுக்குள்ள இது போகணும்மா. போகலைன்னா இந்த மூலையில டென்னிஸ் பந்து வச்சுடுவேன்." மூலை போனால் என் வேலையும் போகும்.

பல் இருக்கும் திசை

ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் கை ரம்பம் வாங்கிப் போன மறுநாளே திரும்பி வந்தார். பலகை தவளை மாதிரிக் குதிக்கிறதாம். வாங்கிப் பார்த்தேன். பிளேடைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார். பல் கீழ்நோக்கி இருந்தால் வெட்டு விழும்போது பலகை மேசையோடு அழுந்தி நிற்கும். மேல்நோக்கி இருந்தால் ரம்பம் பலகையைத் தூக்கித் தூக்கி அடிக்கும்.

இதை வாயால் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. பேசாமல் கழற்றி, திருப்பிப் பூட்டி, ஒரு சின்ன வளைவு வெட்டிக் காட்டினேன். இப்படியே ஒவ்வொருவராகத் தேறினால் என்றாவது ஒருவர் கால்மிதி ரம்பத்தைக் கேட்பார் என்ற ஆசையில் அதையும் கண்ணால் காட்டினேன். அவர் மெஷினைப் பார்க்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே, "பல்லு கீழே பார்க்கணும்னு பெட்டி மேலே எழுதக் கூடாதோ? மனுஷனுக்கே மேலேயும் கீழேயும்னா பல்லு இருக்கு!" என்றார்.

ஹனூர்க்காரர்

கொள்ளேகாலத்துக்கு அப்பால் ஹனூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். புது வீட்டு ஜன்னலுக்கு மேலே பூவேலை செய்த பலகை வைக்க ஆசை. மெஷினைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெஷின் விற்றுவிட்டது என்றே நினைத்தேன். பூப்போட்ட பலகை ஒன்றை எடுத்து வெட்டிக் காட்ட உட்கார்ந்தேன்.

பூவின் உள்ளே இதழ் வடிவில் விழ வேண்டிய ஓட்டைகளுக்கு ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு போக முடியாது. போனால் பூ இரண்டாகிவிடும். முதலில் சின்னத் துளை போட வேண்டும். பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளைக்குள் கோத்து, மறுபடி முறுக்கிப் பூட்டி, அந்த இதழை வெட்ட வேண்டும். அடுத்த இதழுக்கு மறுபடி கழற்றல், கோத்தல், பூட்டல். நடுவில் பிளேடு ஒடியும். ஒடிந்தது. இன்னொன்று போட்டேன். அதுவும் ஒடிந்தது. அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு எழுந்து, மெஷினின் சக்கரத்தை அன்பாகத் தட்டினார். "ஏனுங்க அம்மணி, கழட்டி மாட்டறதுக்கே பொழுது போயிருமாட்ட இருக்குதுங்களே. இதுல மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டலாமுங்களா?"

தேசப் படம்

ஒரு தலைமை ஆசிரியர் இந்திய தேசப் படம் கேட்டார். ஒவ்வொரு ராஜ்யமும் ஒரு துண்டு. பையன்கள் கலைத்து மறுபடி சேர்க்க வேண்டும். நன்றாக அமைந்தால் பள்ளிக்கூடத்துக்கே ஒரு மெஷின் வாங்கச் சொல்கிறேன் என்றார். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை. கடற்கரை ஓரமெல்லாம் மயிரிழை பிசகவில்லை. என் கைத்திறமையின் உச்சம் ஹைதராபாத். அதை எடுத்து வைத்தால் நாலு பக்கமும் சத்தமில்லாமல் பொருந்தும்.

உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசி அது உலர்வதற்குள், பாஷைப்படி ராஜ்யங்களைத் திருத்தி அமைப்பது என்று முடிவாகிவிட்டது. ஹைதராபாத் என்ற ராஜ்யமே இனி இல்லை. எங்கள் மைசூரோ பக்கத்துத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு பருத்துவிடப் போகிறது. தலைமை ஆசிரியர் கடைக்கு வந்து பலகையை வெகுநேரம் பார்த்தார். "வேலை ரொம்ப அழகா இருக்கு, குழந்தே. ஆனா முதல்ல கவர்ன்மெண்ட் வெட்டி முடிக்கட்டும். அதுக்கப்புறம் நீ வெட்டு."

நாமத்துக்கு முளைத்த கால்

பொருட்காட்சி தொடங்கியதும் மெஷினோடு நாங்களும் ஒரு ஸ்டால் போட்டோம். எங்கள் ஸ்டாலைக் கடந்து கூட்டமெல்லாம் அப்பளத்துக்கும் ராட்டினத்துக்கும் போயிற்று. நின்றவர் ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஐயங்கார். தினமும் வந்து மெஷினைச் சுற்றிப் பார்ப்பார், குனிந்து மிதியை ஆட்டிப் பார்ப்பார். கடைசியில், "எங்காத்துப் பெருமாள் உள்ளுல, பூஜைக்கு வைக்க வடகலை நாமம் ஒண்ணு வெட்டி வை. நன்னா இருந்தா நாளைக்கே மெஷினை எடுத்துக்கறேன்" என்றார்.

வெட்டினேன். நாமத்தைப் பீடத்தில் நிறுத்த, அடியில் ஒரு சின்ன முளை விட்டிருந்தேன். பீடத்தில் ஒரு பள்ளம். முளை அதற்குள் இறங்கி மறைந்துவிடும். பீடத்தில் பூசிய வார்னிஷ் உலராததால் நாமத்தை மட்டும் துணி மேல் வைத்திருந்தேன். வடகலை நாமம் புருவத்தின் நடுவில் வளைந்து நின்றுவிடும். மூக்கின் மேல் பாதம் இறங்குவது தென்கலைக்கு. இது எனக்கும் தெரியும். ஆனால் முளையை முளையாகப் பார்த்தேனே தவிர, பாதமாகப் பார்க்கவில்லை.

அவர் நாமத்தைக் கையில் எடுத்தார். முகம் மாறியது.

"நீ யாராத்துப் பொண்ணு?"

"மேலுக்கோட்டைப் பக்கம்... மண்டயம்."

"அதானே பார்த்தேன்! மண்டயம்னா தென்கலையாச்சே! வேணும்னே பாதம் வச்சிருக்கே!"

அப்பளத்துக்குப் போன கூட்டமெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது. பீடத்தை எடுத்துக் காட்டினேன். சொல்ல வேண்டிய வாக்கியம் முழுவதும் மனத்தில் இருந்தது. வெளியே வந்தது பாதிதான். "பீடத்துல... நிக்கறதுக்கு."

"நிக்கறதுக்கா? எங்க நாமம் இத்தனை காலமும் கால் இல்லாமத்தானேம்மா நின்னுண்டிருந்தது!"

மெஷின் போன பிறகு

கடைசி நாள் மாலை ஸ்டாலுடைய மூங்கில் தட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மனத்தளவில் நான் ஏற்கெனவே கொள்ளேகாலத்தில் இருந்தேன். அப்போது வாசலில் ஒரு டாங்கா வந்து நின்றது. இறங்கியவர் அதே இன்ஜினீயர். என்னைப் பார்க்காமலே மெஷினைக் காட்டி, "வண்டியில ஏத்தச் சொல்லு. நாமத்தை மத்தவா கையில விட்டா என்ன ஆறதுன்னு பார்த்துட்டேன். இனிமே நானே மிதிச்சு நானே வெட்டிக்கறேன்" என்றார். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ, "பிளேடு பல் கீழே பார்க்கணும் மாமா!" என்று டாங்கா நகரும்போது கத்தினேன். ஒரு வாடிக்கையாளரிடம் நான் தடுமாறாமல் சொன்ன முதல் வாக்கியம் அது.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு மைசூர்ப்பாகு வாங்கிக் கொடுத்தார். அடுத்த மெஷின் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் வாய்க்குக் கொண்டுபோன துண்டைப் பாதியில் நிறுத்தி, உண்மையாகவே வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "சீமைச் சாமானுக்கு இனிமே லைசென்ஸ் கிடைக்காதாம்மா. இருந்ததும் போயிடுச்சு, நீ எதை ஓட்டிக் காட்டுவே, சொல்லு?"

விற்காவிட்டால் போயிருக்க வேண்டிய வேலை விற்றதால் போயிற்று. கொள்ளேகாலம் பஸ்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.