அடிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு படிப்பு

இந்த நாட்டில் ஒரு பிள்ளை நாற்காலியைத் தூக்கி உங்கள் முகத்தில் எறிந்தால், முதலில் உங்களுக்குத் தேநீர் தருகிறார்கள். பிறகு சின்ன அறையொன்றில் உட்காரவைத்து, "அவன் உங்களிடம் என்ன சொல்ல வந்தான்?" என்று கேட்கிறார்கள். ஊரில் இதை வாசிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். பர்மிங்ஹாமில் ஒரு சிறப்புப் பள்ளியில் நான் வகுப்பு உதவியாளர். அன்று எட்டு வயது கைல் எறிந்த நாற்காலி என் மேலுதட்டைக் கிழித்திருந்தது. தேநீரில் ரத்தம் சொட்டியது. "அவன் ஒன்றும் சொல்லவில்லை மிஸ், அடித்தான்" என்றேன் பொறுப்பாசிரியை லிண்டாவிடம். நான் கோபத்தில் பேசுவதாக நினைத்து, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். எனக்குக் கோபமில்லை. அப்படியொரு கேள்வியை அதற்குமுன் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பஸ்ஸில் உதட்டைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டிருந்தபோது தங்கை ஜெசி நினைவுக்கு வந்தாள். இலங்கையில், பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம்; வரிசை வீடுகளில் ஓர் அறை. கசிப்புக் குடித்துவிட்டு வரும் அப்பா, கையில் கிடைத்ததை எடுத்து அம்மாவை அடிப்பார். ஒருநாள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியை அம்மாவின் முதுகில் அவர் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஏழு வயது ஜெசி பாய்ந்து அவர் முழங்கையைக் கடித்தாள். சதை பிய்ந்தது. அவர் அவளை முடியைப் பிடித்துத் தூக்கிக் கதவுநிலையில் மோதினார். பதுளை ஆஸ்பத்திரியில் புருவத்துக்குத் தையல் போட்ட டாக்டர் அம்மாவிடம், "பிள்ள எப்படி விழுந்திச்சு?" என்றார். "படியில வழுக்கிருச்சுங்க ஐயா." ஜெசியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளைகளைக் கடித்தாள். வாத்தியார் பிரம்பால் விளாசினார். இன்னும் ஆழமாகக் கடித்தாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வரும் பெண்கள் அவளைப் பேய்ப்பிள்ளை என்றார்கள்.

உதடு ஆறியதும், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் படிக்கவேண்டுமென்று கல்லூரி ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். வேலையை விடாமல் படிக்க இரண்டு வழி சொன்னார். ஒன்று 'சைல்ட்ஹுட் ஸ்டடீஸ்' என்ற குழந்தைப் பருவப் படிப்பு. சீக்கிரம் முடியும், பள்ளியிலேயே பதவி உயரலாம். மற்றது உளவியல் பட்டம். மாலை வகுப்புகள், பல வருடங்கள், அதற்கு மேலும் படிப்பு. "குழந்தைகள் உளவியலாளராக வேண்டுமென்றால் முதல் வழி மட்டும் போதாது" என்றும் சொன்னார். பகலெல்லாம் கடியும் உதையும் வாங்கிய உடம்பு மாலையில் எந்தப் புத்தகத்தைத் திறக்கும்? சின்னப் படிப்பே போதுமென்று முடிவெடுத்தேன்.

அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை ஜெசியை வீடியோவில் அழைத்தேன். இப்போது அவள் பதுளை டவுனில் துணிக்கடையொன்றில் வேலை செய்கிறாள். அவள் மகள் ஷெரின் அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னத்தைக் கீறிவிட்டாளாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெசி அகப்பையை எடுத்தாள். போன் சரிந்து கூரைத் தகரத்தைக் காட்டியது. அடி விழும் சத்தம் மட்டும் வந்தது, அதன்மேல் ஷெரினின் அலறல். "விடுடி அவள! ஜெசி, விடு!" என்று கத்தினேன். திமிறும் பிள்ளையை நோகாமல் பிடித்து நிறுத்த எனக்கு இங்கே பயிற்சி தந்திருக்கிறார்கள். அங்கே பிடிக்க எனக்குக் கையில்லை.

ஜெசி மூச்சிரைக்கப் போனை எடுத்தாள். "நீ அங்க வெள்ளக்காரப் புள்ளைங்ககிட்ட அடி வாங்கிக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றியா, அக்கா?"

"அப்பா உன்ன நிலையில மோதினப்ப, உனக்கு எப்படிடி இருந்துச்சு?"

அவள் முகம் கோணியது. "இத்தன வருஷத்துல ஒருத்தரும் அதக் கேக்கல" என்றாள். இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மறுநாளே உளவியல் பட்டத்துக்குப் பதிந்தேன். சின்னப் படிப்பு இந்தப் பள்ளிக்குப் போதும். ஜெசிக்குப் போதாது.

அடுத்த ஞாயிறு அவளே அழைத்தாள். "நீயே இவகிட்ட பேசு, அக்கா. நான் பேசப்போனா கைதான் நீளுது. படிச்சு முடிச்சா பதுளைக்கு வந்துருவியா?" நான் வாய் திறக்குமுன் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள். ஷெரின் அகப்பை அடியில் தழும்பு விழுந்த உள்ளங்கையால் கேமராவைப் பொத்திக்கொண்டாள். திரை இருண்டது. அங்கே தகரத்தில் மழை கொட்டுவது கேட்டது. என் ஜன்னலில் பளீரென்று வெயில்.

"நான் இங்கதான் இருக்கேன், பாப்பா" என்றேன்.

கையை எடுக்காமலே அவள் கேட்டாள்: "இங்கன்னா எங்க, பெரியம்மா?"