இருபத்தைந்துக்கு மேல் ஓடக் கூடாத வண்டி

"காலையில என்ன பலகாரம் அங்கிள்?" என்று கேட்பார். என் அப்பா "இட்லி" என்று சொல்லி முடிப்பதற்குள் ஹெலினா சிஸ்டர் ஊசியைக் குத்தி, எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார். தினமும் இதே கேள்விதான். அப்பாவும் தினமும் ஏமாறுகிறார். பிறகுதான் பதிலுக்கு மறுமொழி வரும்: "இட்லியா? எத்தன? சட்னியில தேங்கா எவ்வளவு?" அதற்கு அப்பா சொல்லும் பொய்களை அவர் நம்புவதில்லை.

ஹெலினா சிஸ்டர் புனேயில் கட்கி பஜாருக்குப் பின்னால் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறார். வீடு வீடாகப் போய் இன்சுலின் போடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றுவது அவர் தொழில். கட்கி, போப்போடி, தாபோடி, சில நாள் பிம்ப்ரி வரைக்கும் போவார். பருத்திப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி, வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். பேசும்போது கோழி மாதிரிக் கழுத்தை வெடுக்கென்று இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தெரியாதவர்கள் ஏதோ சந்தேகப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். கண் நீர் அழுத்த நோயில் இடது கண் போய்விட்டது. அவரிடம் கேட்டால், "அது ரிட்டயர் ஆயிட்டு தம்பி. மத்தது ஓவர்டைம் பாக்குது" என்பார்.

அந்தக் கண்ணோடு இரண்டு விஷயங்கள் போயின. மருத்துவமனை வார்டு வேலை ஒன்று. வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்த மொபெட்டின் லைசன்ஸ் இன்னொன்று. ஒற்றைக் கண்ணுக்கு லைசன்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனதற்கு அழாதவர் லைசன்ஸ் போனதற்கு அழுததாக அவர் கணவர் சுவிசேஷமுத்து சொல்வார். பிறகு கொஞ்ச காலம் ஷேர் ரிக்ஷாவில் நாலு பேருக்கு நடுவில் நசுங்கி, மருந்துப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு போய்வந்தார்.

அந்த நேரத்தில்தான் புனேயில் பேட்டரி சைக்கிள்கள் வந்தன. மிதிக்கலாம், மிதிக்காமல் கைப்பிடியைத் திருகினாலும் ஓடும். மோட்டார் சின்னதாக இருந்து, மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாதபடி அமைத்திருந்தால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே இல்லை. நம்பர் பிளேட் வேண்டாம், பதிவு வேண்டாம், லைசன்ஸ் வேண்டாம். சிஸ்டர் இதைக் கேள்விப்பட்ட அன்றே கணவரை இழுத்துக்கொண்டு பிம்ப்ரியில் ஒரு கடைக்குப் போய் நீல வண்டி ஒன்றோடு திரும்பினார்.

புனேயில் இருபத்தைந்தில் போவது என்றால் என்ன என்பது போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பஸ்ஸும் டெம்போவும் பின்னாலேயே வந்து அலறும். மோட்டார் சைக்கிள் பையன்கள் உரசிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துத் திட்டுவார்கள். சட்டம் சொன்ன வேகத்தில் போகிற ஒரே ஆளை ஊர் முழுவதும் சேர்ந்து சாக்கடை ஓரத்துக்குத் தள்ளும். எனக்கே ரத்தம் கொதிக்கும். சிஸ்டர் மட்டும், "அவன் ஹாரனு, அவன் பேட்டரி. அடிச்சிட்டுப் போட்டும்" என்று ஆராம்ஸே, அவசரமில்லாமல், போய்க்கொண்டிருப்பார்.

அவருடைய மகன் கிரேக்குக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஹிஞ்சேவாடியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நல்ல பையன், அம்மா மேல் உயிர். மராத்தியிலும் இந்தியிலும் பொளந்து கட்டுவான், தமிழ்தான் திக்கும். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை சர்வீசுக்கு விட்டு வருகிறேன் என்று பிம்ப்ரிக்கு எடுத்துப் போனான்.

மறுநாள் காலை சிஸ்டர் எப்போதும்போல் கிளம்பினார். ரேஞ்ச் ஹில்ஸ் பக்கமிருந்து இறங்கும் சரிவில், எப்போதும்போல் கைப்பிடியை முழுதாகத் திருகினார். முழுதாகத் திருகினாலும் இருபத்தைந்தில் மோட்டார் தானாக அடங்கிவிடும் என்பது அவர் கைக்குப் பழகிப்போன விஷயம். அன்று அடங்கவில்லை. வண்டி பிய்த்துக்கொண்டு இறங்கியது. அந்த வேகத்துக்காகச் செய்த பிரேக் இல்லை அது, பிடித்தும் நிற்கவில்லை. சரிவின் அடியில் இடது ஓரத்தில் சாக்கை விரித்து மேத்தி, பாலக், கொத்தமல்லி, கொஞ்சம் பட்டாணி விற்கும் ரஞ்சனாபாய் கீரைக்கட்டோடு சாலையில் இறங்கினாள். மெதுவாகப் போகும்போது கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்க்க அவகாசம் உண்டு. அன்று கழுத்து திரும்புவதற்குள் இருவரும் தரையில் கிடந்தார்கள்.

சிஸ்டருக்கு முழங்காலில் சிராய்ப்பு. ரஞ்சனாபாய்க்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கீரைக்கு நடுவில் உட்கார்ந்தபடியே சிஸ்டர் பையைத் திறந்து, மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அணை கொடுத்து, துணிச்சுருளால் கட்டினார். கூடிய கூட்டம் அதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கீரைக்காரிதான் குறுக்கே வந்தாள், அவள் மேல்தான் தப்பு, நீங்கள் கிளம்புங்கள் என்றார்கள். வலியில் முனகிக்கொண்டிருந்தவளைச் சுற்றி நின்றுகொண்டு இதைச் சொன்னார்கள். சிஸ்டர் கிளம்பவில்லை. அவளை ரிக்ஷாவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மாவுக்கட்டுப் போடும்வரை கூடவே இருந்தார்.

அங்கிருந்துதான் எனக்குப் போன் வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வர ஆள் வேண்டும் என்றார். வீட்டுக்கு என்று நினைத்துப் போனேன். அவர் போலீஸ் சவுக்கிக்கு நடந்தார்.

சவுக்கியில் இருந்த ஹவல்தார் வண்டியைப் பார்த்தார். நம்பர் இல்லை. இது சைக்கிள்தானே, இதற்கு என்ன கேஸ் என்று சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. இருபத்தைந்துக்குள் ஓடினால்தான் அது சைக்கிள், இன்று அதைத் தாண்டி ஓடியது, ஆகையால் இது மோட்டார் வாகனம், எனக்கு லைசன்ஸ் கிடையாது, எழுதுங்கள் என்று மராத்தியில் சொன்னார். உள்ளே இருந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். அவருக்கு டீ வந்திருந்தது. "ஜாவு த்யா மாவ்ஷி" என்றார், விட்டுத் தள்ளுங்கள் என்ற அர்த்தத்தில். கீரைக்காரி புகார் கொடுக்கவில்லையே, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார்.

அப்போதுதான் சிஸ்டரின் குரல் உயர்ந்து நான் கேட்டேன். அவள் கை ஒடிந்துபோய்க் கிடக்கிறாள், எப்படி வந்து புகார் கொடுப்பாள்? முட்டினவளே வந்து சொல்லுகிறேன், அது போதாதா? அதிகாரி டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த விபத்து இன்றுவரை எந்தக் காகிதத்திலும் இல்லை.

சாயங்காலம் பிம்ப்ரிக் கடைக்குப் போனோம். கிரேக்கும் அலுவலகத்திலிருந்து பதறிக்கொண்டு வந்து சேர்ந்தான். வண்டியில் என்ன செய்தீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். கடைக்காரர் ஒளிக்கவே இல்லை. கம்பெனிக்காரன் வண்டியைக் கட்டிப் போட்டு அனுப்புகிறான், நாங்கள் ஒரு ஒயரை வெட்டி அவிழ்த்துவிடுகிறோம், வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கேட்பதுதான் என்றார். பிறகு கிரேக்கைக் காட்டி, உங்கள் பையன்தானே வெட்டச் சொன்னார் என்றார்.

சிஸ்டர் மகனைப் பார்க்கவில்லை. ஒயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, பற்றவைத்து முடியும்வரை குனிந்து நின்று அதையே பார்த்தார். வெளியில் வந்து, சாலையோரத்தில் நின்ற பிறகுதான் வாய் திறந்தார்.

"எதுக்குல வெட்டச் சொன்ன?"

"மம்மி, சேஃப்டிக்குதான். நீ ஸ்லோவா போற. பின்னாடி டிரக் வந்து இடிச்சிடும்னு எனக்கு டென்ஷன். டெய்லி டென்ஷன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றினான்.

"ஒத்தக் கண்ணுன்னு எல்லாரும் என்ன வீட்டுல உக்காருன்னாங்க. அந்தச் சட்டம் ஒண்ணுதான், இம்புட்டு வேகத்துல போ, உன்ன ஒருத்தனும் கேக்க மாட்டான்னு எனக்கு ஒரு சந்து விட்டுருந்துச்சு. அத நீ அடச்சிட்டியல. அவ கையயும் ஒடிச்சி."

கிரேக் ஏதோ சொல்ல வந்து, தமிழ் வராமல், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போலீசுக்கு வேண்டாமென்றால் போகட்டும், நான் விடமாட்டேன் என்றார் சிஸ்டர்.

மறுநாள் விடிந்ததும் மகனை எழுப்பி, சரிவின் அடியில் ரஞ்சனாபாயின் சாக்கில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அவள் கை சரியாகும்வரை தினமும் காலையில் ஆபீஸ் பஸ் வரும் நேரம்வரை அவன்தான் கீரை விற்க வேண்டும் என்று ஏற்பாடு. ரஞ்சனாபாய்க்கே இது பிடிக்கவில்லை. இவன் என் வாடிக்கைக்காரர்களைக் கெடுத்துவிடுவான் என்று மாவுக்கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டே இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டையோடு கிரேக் மேத்திக்கட்டுகளை அடுக்கினான். முதல் நாள் தண்ணீர் தெளிக்கிறேன் என்று கொத்தமல்லியை அழுக வைத்தான். அப்புறம் பழகிவிட்டது. பேரம் பேசும் பெண்களிடம் அவன் ரஞ்சனாபாயைவிடக் கறாராக இருப்பதாகப் பெயர் வந்தது.

கட்டடத்தில் பேசாதவர்கள் பாக்கியில்லை. சுவிசேஷமுத்து என்னிடமே வந்து, "படிச்ச புள்ளைய ரோட்டுல உக்கார வச்சுட்டா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார். சொல்லிப் பார்த்தேன். "அவளும் ரோட்டுலதான இருக்கா தம்பி? அது யாருக்கும் உறுத்தலயே" என்றார் சிஸ்டர்.

அந்தக் கடை இன்றும் ஒயரை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. பிம்ப்ரி நோயாளிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சிஸ்டர் அந்த வாசலில் வண்டியை நிறுத்துகிறார். புது வண்டியோடு வெளியே வருகிறவரிடம் ஒயரை வெட்டினார்களா என்று கேட்கிறார். வெட்டினால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்ட முடியாது, பிரேக் பிடித்தாலும் நிற்காது என்று இந்தியில் விளக்குகிறார். பெரும்பாலும், பாவம் என்று அவரைப் பார்த்துவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். கடைக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறார். ஒரே ஒருவர், பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு வாங்க வந்தவர், ஒயரைச் சேர்க்கச் சொல்லித் திரும்ப உள்ளே போனாராம். அன்று அந்தச் சந்தோஷத்தில் சிஸ்டர் எங்கள் வீட்டில் அப்பாவைக் கேள்வி எதுவும் கேட்காமல் ஊசி போட்டுவிட்டார். அப்பாவுக்கு நன்றாக வலித்தது.

மாவுக்கட்டுப் பிரித்த மறுநாள் காலை நானும் நடைப்பயிற்சிக்குப் போனவன் அங்கே நின்றேன். ரஞ்சனாபாய் தன் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கை மெலிந்து வெளுத்திருந்தது. கிரேக் கால்சட்டையில் ஒட்டியிருந்த கீரைத்தழையைத் தட்டிக்கொண்டு எழப் பார்த்தான். ஒரு பெண் பட்டாணி கேட்டாள். ரஞ்சனாபாய் வலது கையால் தராசைத் தூக்கினாள். தட்டுகள் கிடுகிடுவென்று ஆடின. இடது கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

ஹெலினா சிஸ்டர் நீல வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு வந்தார். மகனின் தோளில் கையை வைத்து, மெதுவாக அழுத்தி, அவனை மறுபடி சாக்கில் உட்கார வைத்தார்.